துண்டுக்குள் வைத்தியம்

"அஞ்சா? அநியாயமுங்க! இதுக்குப் படியாதுங்க, கீழ எறங்கி வாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார் நஞ்சுண்டன். பேரத்தில் எழுந்து நிற்பது போவதற்காக அல்ல, கூப்பிடட்டும் என்பதற்காக. சிங்காநல்லூரில் குடியிருந்துகொண்டு அந்தியூர்ச் சந்தைவரை மாட்டுத் தரகு பார்க்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா?

ஆனால் எதிரே இருந்தவர் மாடு விற்க வந்தவர் இல்லை. ஈரல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் கிருபாசங்கர். பேரம், வாரத்துக்கு எத்தனை ஊசி என்பது.

"உக்காருங்க. காமாலைக் கிருமி உங்க ரத்தத்துல வருசக்கணக்காக் குடியிருக்குதுங்க. ஆறு மாசம் விடாம ஊசி போட்டாத்தான் ஈரல் தப்பும். பாதியில நிறுத்துனா ஆபத்து."

பாதி என்றதும் பக்கத்தில் இருந்த மனைவி தெய்வாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நேற்று நஞ்சுண்டன் தாராபுரம் போயிருந்ததால், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அவள்தான் இங்கே வந்து வாங்கிப் போயிருந்தாள். டைபாய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்தி மறுபடியும் படுத்தவர் அவள் புருஷன். யார் எதைச் சொன்னாலும் தள்ளுபடி வாங்காமல் விடமாட்டார். இந்தத் தடவை தள்ளுபடி செய்தால் ஆளே மிஞ்ச மாட்டார்.

"ஊசி போட்டா என்னாகுமுங்க?"

"காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு வலி வரும். படுக்கப் போறப்பப் போட்டுக்கிட்டா தூக்கத்துலயே பாதி போயிரும்."

"மீதிப் பாதிய நீங்க கொறச்சுக்குங்க."

"முடி கொட்டும்."

நஞ்சுண்டன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "அதுல நட்டம் உங்க மருந்துக்குத்தான். அடுத்ததச் சொல்லுங்க."

"எரிச்சல், கோபம் வரும்."

"அது ஊசியில்லாமயே வருதுங்க டாக்டரு," என்றாள் தெய்வாத்தாள்.

"மனசு ரொம்பச் சோர்ந்துபோனா மறைக்காம வந்து சொல்லோணும். மாசாமாசம் ரத்தம் பாக்கோணும். உங்களுக்குப் போட்ட ஊசிய வேற யாருக்கும் போடக் கூடாது."

"காசு குடுத்து வாங்குன ஊசிய எவனுக்குங்க குடுக்கப்போறேன்?"

"கள்ளு, சாராயம் ஆகாது."

"பொங்கல் நோம்பிக்கு மட்டும்..."

"ஒரு சொட்டும் ஆகாது."

"செரி, அத உட்டுத் தாரேன். இப்ப ஊசிக்கு வாங்க. வாயில பேசுனாப் படியாதுங்க."

துண்டை விரித்துத் தன் வலக்கையை மூடினார் நஞ்சுண்டன். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை; துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு, துண்டுக்குள் கையை விட்டார்.

நர்ஸ் பிரவீனா அதற்குள் அந்த வாரத்து மருந்தை ஐஸ் டப்பாவில் அடுக்கி, மூடி, கயிறும் கட்டிவிட்டாள்.

துண்டு அசைந்தது. டாக்டர் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். நஞ்சுண்டன் இரண்டோடு நின்றார். டாக்டர் நாலுக்கு இறங்கி, இனி முடியாது என்பதுபோல் உத்தரத்தைப் பார்த்தார். நஞ்சுண்டன் செருமினார். கடைசியில் மனமே இல்லாதவர் போலத் தலையை ஆட்டி, மூன்று விரலைப் பிடித்தார் டாக்டர்.

"படிஞ்சுதுங்க!" என்று துண்டை உருவினார் நஞ்சுண்டன்.

"ஆறு மாசம். ஒண்ணுகூட விடக் கூடாது."

"ஏனுங்க, துண்டுக்குள்ள கை குடுத்துப்போட்டுப் பேச்சு மாறுனா, நாளைக்கு எந்தச் சந்தையில நான் தலை காட்டறது? காய்ச்சல் வந்தாலுஞ் செரி, கிறுக்கே புடிச்சாலுஞ் செரி, மூணுன்னா மூணுதானுங்க."

"மருந்த ஃபிரிட்ஜுல வைங்கம்மா. மேல ஐஸ் உறையற அறையில மட்டும் வெச்சுராதீங்க," என்று தெய்வாத்தாளிடம் சொன்னார் டாக்டர்.

நஞ்சுண்டனுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "டாக்டரையே ரெண்டு எறக்கிப்போட்டேன் பாத்தியா அம்மணி! நீ டப்பாவ வாங்கிட்டு வா. நான் எஸ்.டி.டி. பூத்துல உங்கண்ணனக் கூப்புட்டுச் சொல்லிப்போட்டு வாரேன்."

அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. டாக்டர் விரல்களை நீவிவிட்டுக்கொண்டே பெரிதாக மூச்சு விட்டார்.

கட்டிய கயிறு பிரியாத டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெய்வாத்தாள் சிரித்தாள்.

"மூணு வேணுமின்னா அஞ்சப் புடிங்கன்னு நேத்து நாஞ் சொல்லிக் குடுத்தப்ப, நம்பவே இல்லீங்களே டாக்டரு!"