நாலாவது கோச்

பிரிஞ்சாங் டவுன் திடலில் கோப்பையைக் கையில் வாங்கியதும் அர்ஜுனன் தேம்பி அழுதுவிட்டான். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்த ஆட்டக்காரர்கள், புதுக் கோச்சைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

அந்தப் பதவி தனக்கு எப்படி வந்தது என்று அவனுக்கல்லவா தெரியும்.

தேயிலைத் தோட்டத்துக் கூடைப்பந்து அணிக்கு முதல் கோச் ஒரு வெள்ளைக்காரச் சின்னதுரை. அவர் ஊருக்குக் கப்பலேறிய பிறகு, சீனப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கொஞ்ச காலம் வந்து போனார். அதற்கப்புறம் தேயிலை பேக்டரியில் வேலை பார்த்த இருளப்பன்தான். மழையோ பனியோ, பேக்டரிச் சங்கு ஊதியதும் விசிலோடு திடலுக்கு வந்துவிடுவார். ஓரமாக நின்று கத்துகிற ஆளில்லை, ஆட்டக்காரர்களோடு அவரும் ஓடுவார். அர்ஜுனனுக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

எழுபத்தெட்டில் அர்ஜுனன் அணித் தலைவன். கோச்சாகிவிட வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது. தோட்ட மேனேஜர் துரையின் ஆபீசுக்குப் போய், இருளப்பனுக்கு வயதாகிவிட்டது, அணியில் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்று சொன்னான். அவன் யாரையும் கேட்டிருக்கவில்லை.

துரையும் ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனிமேல் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றோடு இருளப்பன் திடல் பக்கம் வருவதை விட்டுவிட்டார். வழியில் ஆட்டக்காரர்கள் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அதைப் பார்த்த நாளெல்லாம் அர்ஜுனனுக்குச் சோறு இறங்காது.

கோப்பை வாங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதைத் தூக்கிக்கொண்டு அவருடைய லயத்து வீட்டுக்குப் போனான்.

"வா லா, அர்ஜுனா" என்று கைபிடித்து உட்காரவைத்தார் இருளப்பன். கோப்பையைத் தடவிப் பார்த்தார். ஆட்டம் எப்படிப் போனது, கடைசிக் கூடையை யார் போட்டது என்று ஆசை ஆசையாகக் கேட்டார். பிறகு கோப்பையை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பையனுங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு துரை சொன்னாரு. என்ன தப்பு பண்ணேன்னு எனக்கு இன்னும் தெரியலைப்பா."

அர்ஜுனன் கோப்பையைக் கீழே வைத்தான். அவர் கோழிக்குத் தீனி போட வீட்டுக்குப் பின்னால் போனதும், அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி பவளத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அண்ணன் வந்ததும் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றான்.

பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று அவன் குனிந்து நின்றான்.

"அவருக்கு நெஞ்சு பலமில்லை தம்பி. இனிமே ஓடவே கூடாதுன்னு ஈப்போ டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இவரு கேட்டாத்தானே? விசில் சத்தம் கேக்கறப்பல்லாம் எனக்கு உசுரு போய் உசுரு வரும்."

பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பவளம் அவசரமாக அவனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அவரை நிறுத்தச் சொல்லி உங்களுக்கு முந்தியே துரைகிட்ட போனவ நான்தான், அதை மட்டும் சொல்லிடாதீங்க."