ஏழு பாயிண்ட் வண்டி

"எண்பத்திரண்டு பாயிண்ட், சார்! எண்பத்திரண்டு!" என்று பழைய வண்டிக் கடைக்காரர் சிவப்பு வண்டியின் டாங்கில் ஓங்கித் தட்டினார். பக்கத்தில் நின்ற நீல வண்டியை, அழையாமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தார். "இது வெறும் ஏழு."

கணக்கு வாத்தியார் வாயைப் பிளந்தார். இருபது வருஷமாக விடைத்தாள் திருத்துகிற மனுஷர். எண்பத்திரண்டு என்று யார் சொன்னாலும் அவருக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றும்.

ஆனால் வண்டி அவருக்கில்லை, அவர் மனைவிக்கு. தையல்கடை வைத்திருக்கும் அவளுக்கு ட்ரையல்ஸ் என்றால் உயிர். பாறை, மரக்கட்டை, பள்ளம் என்று எது குறுக்கே வந்தாலும் வண்டி மேல் நின்றபடியே ஏற்றி இறக்குகிற விளையாட்டு அது. உட்கார வேலையே இல்லாததால் அந்த வண்டிகளுக்குச் சீட்டும் கிடையாது.

ஒரு போட்டி விடாமல் வேலியோரம் நின்று பார்த்தவள், இன்றைக்குத்தான் முதல் வண்டி வாங்க வந்திருக்கிறாள். இரண்டு வருஷம் பள்ளிச் சீருடை தைத்துச் சேர்த்த நாற்பதாயிரம் கைப்பையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

ஏதோ ஒரு கிளப்பை இழுத்து மூடியபோது, இரண்டு வண்டிகளையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தவர் கடைக்காரர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஹேண்டில்பாரில் தொங்கிய பாயிண்ட் அட்டைதான்.

"ஒரே நாள், ஒரே போட்டி சார். அட்டைக்குப் பின்னாடி ரூல்ஸ்கூடப் போட்டிருக்கு. ஒரு தடவை தரையில கால் ஊனினா ஒரு பாயிண்ட்டாம். சும்மா கால் ஊன்றதுக்கே பாயிண்ட்டுன்னா, பாறை ஏறினதுக்கு எவ்வளவு குடுத்திருப்பாங்க? நீங்களே கணக்குப் போடுங்க!"

வாத்தியார் கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் சிவப்பு வண்டி முன்னைவிடப் பளபளப்பாகத் தெரிந்தது.

"சிவப்பு தொண்ணூறாயிரம். நீலத்துக்கு அம்பது குடுத்தாப் போதும்" என்றார் கடைக்காரர்.

அவள் நீல வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டாள், செயினை இழுத்துப் பார்த்தாள், எழுந்து முன்பக்கத்தை இரண்டு முறை அமுக்கினாள். கிளட்சைப் பிடித்து விட்டுப் பார்த்தாள்.

வாத்தியாருக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, ஆசைப்பட்டு வாங்குற முதல் வண்டி. போயும் போயும் ஏழு பாயிண்ட் வண்டியா? என் ஸ்கூட்டரை வித்துடலாம். நான் பஸ்ல போயிக்கிறேன்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷருக்குத் தங்கமான மனசு. வாய்தான் இடம் பொருள் பார்க்காது.

அவள் அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள். "நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? கைக்கு எட்டறதைத்தான் பார்க்கணும்."

"இல்லம்மா, என் ஃப்ரெண்டு ஒருத்தன் இந்தப் போட்டியெல்லாம் பார்ப்பான். ஒரு போன் போட்டுக் கேட்டா..."

"ஒண்ணும் வேணாம்!"

அவள் போட்ட சத்தத்தில் கடைக்காரரே திடுக்கிட்டுப் போனார். சட்டென்று குரலை இறக்கிக்கொண்டு, "அண்ணே, பெயிண்ட் போயிருக்கு, டயரும் தேஞ்சிருக்கு. எங்கிட்ட நாப்பதுதான் இருக்கு. உங்களுக்குக் கட்டும்னா குடுங்க" என்றாள்.

கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். கலங்கிய கண்ணோடு நிற்கும் புருஷனையும் பையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மனசு இளகிவிட்டது.

"சரி, எடுத்துட்டுப் போ தங்கச்சி. மூணு மாசமா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, ஒருத்தனும் சீண்டலை. அடுத்த வருஷம் காசு சேர்ந்ததும் வா, இந்தச் சிவப்பு மாதிரி நல்ல வண்டியாத் தர்றேன்."

ரசீது எழுதி வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, வாத்தியார் பின்னாலிருந்து தள்ளினார். தெருமுனை திரும்புகிறவரை அவர் விட்ட பெருமூச்சிலேயே வண்டி பாதி தூரம் போயிருக்கும்.

"மன்னிச்சிடும்மா. ஒரு நல்ல வண்டி வாங்கித் தர எனக்கு வக்கில்லாமப் போச்சு."

அவள் வண்டியை நிறுத்தினாள். கடை கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாத்தியார் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"ஐயோ வாத்தியாரே, இந்த விளையாட்டுல தப்புக்குத்தான் பாயிண்ட் போடுவாங்க!"