பதினாலு இடத்தில் கேட்டவன்

“பதினாலு எடத்துல கேட்டுகீற. ஒண்ணு ரெண்டு இல்ல தம்பி, பதினாலு!”

தங்கராஜ் வெற்றிச்செல்வனின் கடன் கணக்கு அச்சடித்த இரண்டு பக்கத் தாளை டீப்பாயின் மேல் விரித்து ஒற்றை விரலால் தட்டினார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தலைகீழாகத் தெரிந்தது.

வெற்றிச்செல்வனுக்கு முப்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை, கரையான்சாவடியில் ஒற்றை அறை வாடகை வீடு. போன ஞாயிற்றுக்கிழமை இதே ஆவடி வீட்டுக்கு வந்து அகல்யாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். இன்று முடிவு சொல்வதாகக் கூப்பிட்டவர் அவளுடைய தாய்மாமன் தங்கராஜ்.

துணைக்கு வர ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், ‘கூட வர்றீங்களா’ என்று யாரையும் கேட்பதையே அவன் விட்டுவிட்டான். வாங்கி வந்த சாத்துக்குடியையும் பூவையும் தானே பையிலிருந்து எடுத்து வைத்திருந்தான்.

“நான் யாருகிட்டயும் லோன் கேக்கல சார். பைக்குக்கு ஒரு தபா வாங்கினேன், அதையும் கட்டி முடிச்சிட்டேன்.”

“அது சுத்தமா கீது. ஒரு தவணைகூட தள்ளிப் போகல, நான் இல்லன்னு சொல்லல.” தங்கராஜ் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் இருபது வருஷமாகக் கடன் கொடுக்கும் பிரிவில் இருப்பவர். ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவார், போட்ட எடை சரிதானா என்று தாளையும் பார்த்துவிடுவார். “ஆனா கடன் குடுக்கறவன் உன் கணக்கத் தொறந்து பாக்கறப்பல்லாம் உன் நாணயத்துக்குப் போடற ஸ்கோர் கொஞ்சம் எறங்கும். நீயே பாத்துக்கினா ஒண்ணும் ஆவாது. அவன் பாத்தா எறங்கும். ரெண்டு வருசத்துல பதினாலு பேரு பாத்துகீறான். எழுநூத்தி அம்பதுக்கு மேல இருந்தாத்தான் நல்ல ஸ்கோரு, உன்னுது இப்ப அறநூத்தி அறுபதுல வந்து நிக்குது.”

“எதுக்கு சார் பாத்தாங்க?”

“அத நீதான் சொல்லணும். எல்லாத்துலயும் பெர்சனல் லோன்னு போட்டுகீது. கம்பெனி பேர மறைச்சிருவாங்க, தேதி மட்டுந்தான் காட்டும். பதினாலு எடத்துல கேட்டும் ஒருத்தன்கூட குடுக்கலன்னா இன்னா அர்த்தம்? ஆன்லைன்ல சூதாட்டமா? சொல்லிடு, வெளில மூச்சு வுட மாட்டேன்.”

“சத்தியமா இல்ல சார்.”

அவன் சொன்னது அவனுக்கே நம்பும்படியாக இல்லை. லோன் வேண்டுமா என்று கேட்டு அவனுக்கும் தினம் நாலைந்து போன் வரும். மற்றவர்கள் எரிந்து விழுந்து வைத்துவிடுவார்கள். வெற்றிச்செல்வன் மட்டும் வேண்டாம் என்று சொல்வதற்கு முன், “நீங்க சாப்டீங்களா மேடம்?” என்று கேட்டு ஒரு நிமிஷமாவது பேச்சை இழுப்பான். அறைக்குத் திரும்பினால் அவனோடு பேச டி.வி.யை விட்டால் வேறு நாதி கிடையாது. அப்படிப் பேசியதையே லோன் கேட்டதாகப் பதிந்துவிட்டார்களோ?

சமையலறை வாசலில் அகல்யா நின்றிருந்தாள். போன வாரம் அவள் கேட்டது ஒரே கேள்விதான். “தனியா சமைச்சு, தனியா சாப்புடறது போரடிக்கலியா?” ஏழு நாளும் அதையே மனசுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தான் அவன். சம்பளத்தைக் கேட்டவர்கள் உண்டு, சொந்த வீடு இருக்கா என்று கேட்டவர்கள் உண்டு. அவன் சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. இவளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் தாங்க அவனிடம் தெம்பில்லை.

“தரகர் மணவாளன் இதெல்லாம் ஒண்ணும் சொல்லலியே,” என்றாள் அகல்யாவின் அம்மா ராஜகுமாரி, தயங்கித் தயங்கி. “புள்ள தங்கம்னாரே.”

“அவரு எல்லா வீட்டுக்கும் குடுக்கற மாதிரி ஜாதகத்தோட சம்பளச் சீட்டு, பான் கார்டு ஜெராக்ஸ் எல்லாத்தையும் சேத்துக் கட்டிக் குடுத்தாரு பாரு, அதான் நம்ம நல்ல நேரம், பான் நம்பர் இருந்ததாலதான் இதப் பாக்க முடிஞ்சுது. பத்துப் பொருத்தமும் நல்லாத்தான் கீதுக்கா. இந்தப் பதினொண்ணாவதுதான் ஒதைக்குது.”

“சார், அந்தத் தாளை நான் ஒரு தபா பாக்கலாமா?”

தங்கராஜ் அதைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். வெற்றிச்செல்வன் செல்போனில் காலண்டரைத் திறந்து ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்தான். மார்ச் மூன்று, திங்கள். ஜூன் இரண்டு, திங்கள். செப்டம்பர் எட்டு, அதுவும் திங்கள். பதினாலையும் பார்த்து முடித்தான். ஒன்றுகூட வேறு கிழமை இல்லை.

“என் கணக்க நீங்க எப்ப சார் தொறந்து பாத்தீங்க?”

“போன திங்கக்கெழம.” தங்கராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஞாயித்துக்கெழம நீ வந்து பொண்ணப் பாத்துட்டுப் போன. மறுநாளு ஆபீசுக்குப் போனதும் மொத வேல இதான். நீ லோன் கேட்ட மாதிரி ஒரு பதிவு போட்டாத்தான் தொறக்கும், போட்டுட்டேன். அக்கா பொண்ணாச்சே, பையன் எப்படின்னு பாக்காம வுட முடியுமா?”

வெற்றிச்செல்வன் தாளை மடித்து டீப்பாயின் மேல் வைத்தான். இந்த வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது என்று இருந்தான். அகல்யா நின்ற பக்கம் பார்க்கத் துணிவில்லாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் இதுக்கு முன்னாடி, இந்த ரெண்டு வருசத்துல, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமயா பதினாலு பொண்ணு பாத்திருக்கேன், சார்.”