பெட்டியில் ஒரு குழி

கிட்ட வந்து இருங்கள், என் செல்வங்களே. ஒரு சின்னக் கதை இருக்கிறது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போனதற்கு அடுத்த வருஷம். ஹெவ்லொக் டவுனுக்கு அப்பால், துரைமார் துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுகளத்தில், மழை ஈரம் காயாத புல்லுக்குள் ஆறாயி குனிந்து தோட்டாக் கோது பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கப்பலில் புதுத் தோட்டா வருவதில்லை. சுட்டு வெறுமையான பித்தளைக் கோதுக்குள்ளேயே மறுபடி மருந்தும் ஈயமும் அடைத்துத்தான் சுடுகளத்துப் பெரிய துரை வேட்டைக்குப் போவார். அதனால் ஒன்றும் தவறக் கூடாது. மரப்பெட்டியில் ஒவ்வொரு கோதுக்கும் ஒரு குழி.

கோதோடு பிடிபட்டவர் யாராயிருந்தாலும் அன்றோடு வேலை போயிற்று. அது துரையின் சட்டம். இந்த வேலை போனால் ஆறாயிக்கு வேறு போக்கில்லை.

சட்டத்துக்குக் காவல், கொட்டாஞ்சேனை றேமண்ட். அவனுக்கு நான் 'அவர்' போடவில்லை என்று கோபிக்காதீர்கள். ஆறாயி மனதுக்குள்ளும் போட்டதில்லை.

பட்டாளத்தில் அவன் ஒரு நாளும் இருந்ததில்லை. துப்பாக்கியைத் துடைக்கக்கூட அவனை விடுவதில்லை. ஆனாலும் துரை கழித்துப் போட்ட காற்சட்டையை மாட்டி, நீளம் கூடியதைக் கணுக்காலில் அகலமாக மடித்துவிட்டுக்கொண்டு, வெடியெல்லாம் தானே வைத்ததுபோல் நடப்பான். துரையைக் கண்டால் குதிகால் இரண்டையும் படீரென்று சேர்த்து ஒரு சலூட்.

போன கிழமை பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தது. ஆறாயியோடு கோது பொறுக்கும் இராமலெட்சுமியின் முந்தானையை எல்லார் முன்னாலும் உதற வைத்தான். ஒன்றும் விழவில்லை.

"விழுங்கியிருப்பாள்" என்று சிரித்து விரட்டிவிட்டான்.

மறுநாள் அந்தக் கோது புல்லுக்குள் மினுங்கியது. எடுத்துக் குழியில் வைத்தான். இராமலெட்சுமியைத் திரும்பக் கூப்பிடவில்லை.

இன்றைக்குக் கடைசிக் கோதில் ஆறாயி கை வைத்தபோது, விரல்மேல் ஒரு பூட்ஸ் வந்து நின்றது.

"என்னடி, புல்லுத் தின்னுறியோ? கெதியாப் பொறுக்கு. துரை தேத்தண்ணி குடிச்சு முடியப்போறார்."

"காலை எடுங்க சாமி. வெரலு."

"வெரலு!" என்று பழித்துக் காட்டினான். "தேயிலைத் தோட்டக்காட்டில இருந்து வந்ததுகளுக்கு விரலும் ஒரு கேடோ?"

ஆற அமரக் காலை எடுத்தான்.

ஆறாயி விரலைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சேறு பட்டிருச்சு சாமி" என்று சொல்லி, அவன் காற்சட்டையின் அடியை மெல்லத் தட்டித் துடைத்துவிட்டாள்.

றேமண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இப்பதான் மரியாதை படிச்சிருக்கிறாய்" என்றான். மற்றக் காலையும் நீட்டினான்.

அதையும் துடைத்துவிட்டாள்.

பிறகு பொறுக்கியதைப் பெட்டியில் அடுக்கி, கொண்டுபோய்த் துரையின் மேசையில் வைத்தாள். துரை மூடியைத் திறந்தார். ஒரு குழி காலி.

றேமண்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உதறு" என்றான்.

உதறினாள். முந்தானை, இடுப்பு மடிப்பு, வெற்றிலைப் பை. ஒரு பாக்குத் துண்டுதான் விழுந்தது.

தெரிந்த இங்கிலீசையெல்லாம் கூட்டி, இவள்தான் கள்ளி என்று றேமண்ட் துரைக்கு விளங்கவைத்தான். இராமலெட்சுமியைச் சொன்ன அதே சொற்கள். ஆறாயிக்கு இங்கிலீசு தெரியாது. அவன் சிரிப்பு மட்டும் தெரிந்தது.

சொல்லி முடித்து, சீமெந்துத் தரையில் விறைத்து நின்று, குதிகால் இரண்டையும் படீரென்று சேர்த்தான்.

கிணுங்.

அவன் கணுக்காலில் இருந்து ஒன்று விழுந்து, உருண்டு, துரையின் சப்பாத்தடியில் போய் நின்றது.

துரை குனிந்து எடுத்தார். குழியில் வைத்தார். மூடியை மூடினார். பிறகு றேமண்டுக்கு ஒரு விரலால் வெளியே போகும் படலையைக் காட்டினார்.

றேமண்ட் தன் காற்சட்டை மடிப்பைப் பார்த்தான். பிறகு ஆறாயியைப் பார்த்தான்.

அவள் விழுந்த பாக்கைப் பொறுக்கி ஊதி வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் சேறு இருக்கு, சாமி" என்றாள்.

பால் பொங்கிவிட்டது, எழும்புங்கள். உங்கள் வீட்டுப் படலைக்குள் வேலைக்கென்று வருகிறவள் நிமிர்ந்தே வரட்டும், நிமிர்ந்தே போகட்டும். உங்கள் அடுப்பு ஒரு நாளும் அணையாமல் இருக்கட்டும்.