கூரையில்லாத கோயில்

செலவைச் சுருக்கி கிரீஸைச் சுற்றியதில் அருணகிரி எதையும் நின்று பார்த்ததில்லை. எங்கே போனாலும் அடுத்த பேருந்துக்கு நேரமாகிவிடும். இந்த இடிந்த கோயிலுக்கும் பத்து நிமிடம்தான் ஒதுக்கியிருந்தான். அவன் மனைவி பூங்கோதையோ படியருகே செருப்பைக் கழற்றினாள்.

“சாமி போயி ஆயிரம் வருசத்துக்கு மேலாச்சு கோதை. சும்மா வா.”

“போறப்ப உங்ககிட்ட சொல்லிட்டுப் போச்சாக்கும்?”

வெறுங்காலோடு தூண்களை நிதானமாக வலம்வந்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன், கடைசிப் பேருந்தைச் சொல்லி அவளைப் படிவரை இழுத்துவந்தான். அங்கே அவள் செருப்பை ஒட்டி யார் யாருடைய காலணிகளோ நீளமாக வரிசைகட்டியிருந்தன. உள்ளே வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு, குரலைத் தாழ்த்தி நடந்துகொண்டிருந்தார்கள்.

கீழே ஹாரன் அலறியது. அருணகிரி படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தான்.