மசியாத மேனேஜர்

ஒரு ஊரில் ஒரு பார்சல் ஆபீஸாம். அந்த ஆபீஸுக்கு ஒரு மேனேஜராம். அவரைப் போலப் பிடிவாதக்காரர் அந்தத் தெருவிலேயே கிடையாதாம்.

மாடிப்படி ஏறும்போதே கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் காதில் விழுந்த கதை இது.

ஆபீஸ் முழுக்கப் புது ஆன்டிவைரஸ் போட வந்திருந்தார். எல்லாக் கம்ப்யூட்டரிலும் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. இரண்டில் மட்டும் முரண்டு பிடித்தது. ஒன்று மேனேஜருடையது, இன்னொன்று புகார் அக்காவுடையது.

இரண்டிலும் யாரும் கேள்விப்படாத ஒரு பழைய மெயில் புரோகிராம். ஒத்துப்போகாத புரோகிராமை எடுத்துவிட வேண்டும் என்பது ஹெட் ஆபீஸ் உத்தரவு.

"எல்லாரும் வச்சிருக்கிறதையே போட்டுடலாமே அக்கா?"

புகார் அக்கா ஹெட்போனைக் கழற்றினார். தொலைந்த பார்சல், உடைந்த பார்சல், எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவது அவர்தான். பார்வை கிடையாது. வருகிற மெயிலைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படித்துக் காட்டும்.

"போட்டுப் பார்த்தாச்சு தம்பி. படிச்சுக் காட்டுற குரல் இந்தப் பழசுலதான் பேசுது. புதுசுல மணி மட்டும் அடிச்சுது, வாயே திறக்கல. ஏதோ, மேனேஜர் மாற மாட்டேங்கிறதால என் பிழைப்பும் ஓடுது. இப்படி ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நான் யாரையுமே பார்த்ததில்ல. அது வேற."

ஆபீஸே சிரித்தது.

"ஒருத்தர் வீம்புக்கு எல்லாரும் வைரஸ் வாங்கணும்னு தலையெழுத்து" என்றார் புக்கிங் கிளார்க்.

சர்வீஸ்காரர் மேனேஜர் அறைக்குள் போனார்.

"சார், இதை எடுத்துடறேன்."

"தொடாதீங்க. எனக்கு இதுதான் பழக்கம்."

சர்வீஸ்காரர் அதைத் திறந்தார். கடைசி மெயில் போன வருஷத்தது. அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. மேஜைமேல் மேனேஜரின் போன் 'டிங்' என்றது. அதில் புது புரோகிராம், இன்றைய மெயில்கள்.

"இதை நீங்க திறக்கிறதே இல்லையே சார்?"

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்தம்மாகிட்ட மட்டும் இது இருந்தா, அவங்களாலதான் தொந்தரவுன்னு ஆகிடும். ஹெட் ஆபீஸ் புரோகிராமை மாத்தாது, ஆளை மாத்தும். என்கிட்டயும் இருந்தா, கிழம் திருந்தாதுன்னு திட்டிட்டு விட்டுடுவாங்க."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அன்னைக்கே ராஜினாமா எழுதிடுவாங்க. அவ்வளவு ரோஷம்."

சர்வீஸ்காரர் தலையைச் சொறிந்தார். அந்த மெயிலுக்குள் புகுந்து பார்க்க ஆன்டிவைரஸால் முடியாது. ஆனால் மெயிலோடு வரும் ஃபைலைத் திறக்கிற நொடியில் பிடித்துச் சோதிக்க முடியும். இரண்டு கம்ப்யூட்டரிலும் அப்படியே அமைத்தார். சோதனைக்கென்று இருக்கும் போலி வைரஸை அனுப்பிப் பார்த்தார். இரண்டிலும் கப்பென்று பிடித்தது.

ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டார்.

"பாதுகாப்பு பக்காவா இருக்கு சார். பழைய மெயிலை மட்டும் எடுக்க முடியல. மேனேஜர் மசியல."

"அந்தாளு எப்பவும் அப்படித்தான். விட்டுட்டு வாங்க."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன தம்பி, மசிஞ்சாரா?" என்றார் புகார் அக்கா.

"எங்கக்கா. பிடிவாதம்னா பிடிவாதம்."

அக்கா அவர் பக்கம் சாய்ந்தார். குரல் இறங்கியது.

"அவர் போன்ல அந்தப் புது மெயில் மணி தினமும் அடிக்குது தம்பி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷன் கூசிப் போயிடுவார். அதான், தினமும் நாலு பேர் கேக்கிற மாதிரி நானும் ஒருதரம் திட்டி வைக்கிறேன்."

சர்வீஸ்காரர் படியிறங்கினார். எதிரே மூட்டையோடு ஏறி வந்த டிரைவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"உங்க மேனேஜர் மாதிரி ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததே இல்லைங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, தெருவில் இறங்கி நடந்தார்.