ஏழு மணிப் பேச்சு

மாலை ஏழு மணியானால் போதும், என் கணவர் ஷாவ்போ கைப்பேசியோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பத்து நிமிடம் குசுகுசுப் பேச்சு. கேட்டால், ஆபீஸ் தோழி தாங் என்பார். அந்த நேரம் எனக்கும் சமையலறையில் வேலை இருக்கும். காது மட்டும் பால்கனியில்தான்.

அன்று பொறுக்காமல் கதவைத் திறந்தேன். "ஆபீஸ்ல பேசினது போதலையாக்கும்?"

"கொழுக்கட்டைக்கு வச்ச வினிகரையெல்லாம் நீயே குடிச்சிட்டியா?" என்று சிரித்தார். ஷென்யாங்கில் பொறாமைக்காரிகளை அப்படித்தான் சீண்டுவார்கள்.

கைப்பேசியைப் பிடுங்கினேன். "ஏம்மா, அடுத்தவ புருஷன்கிட்ட தினமும் உனக்கென்ன பேச்சு?"

"ரூய்லினா? நானும் உன்னை மாதிரிதான்மா. பதினோரு வருஷமா எச்.ஐ.வி.யோட நல்லாத்தான் இருக்கேன். உன் வீட்டுக்காரருக்குத் தொத்தலைன்னு டெஸ்ட்ல தெரிஞ்சாச்சு. ஆனா நீ தனியா அழறியாம். எப்படித் தேத்துறதுன்னு தினமும் என்னைக் கேக்குறாரு."

கைப்பேசியை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தேன். மாத்திரைப் புட்டி குலுங்கிச் சத்தம் வராமல் பஞ்சு அடைத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஆறு மாதமாக ஒளித்து வைத்திருந்தேனே!

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ பஞ்சு வச்ச அன்னிலேர்ந்தே. ஏழு மணிக்கு நீ பயப்படாம மாத்திரை போடணும்னுதான் வெளியே வந்து நின்னேன்."

வெந்நீர்க் கோப்பையை என் கையில் கொண்டுவந்து வைத்தார். "பால்கனியில ரொம்பக் குளிருது, ரூய்லின். இனிமே உள்ளேயே இருக்கட்டுமா?"